முடக்குவாத மூட்டு நீரில் உள்ள செல்கள்: ஃபைகால் போட்டுப் பிரிப்பதா, அப்படியே எடுப்பதா?

ஆய்வுமாணவி:

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு, தலைப்பு முடக்குவாதம். முழங்கால் வீங்கி வருபவர்களுக்கு மருத்துவமனையில் ஊசி போட்டு நீரை எடுக்கும்போது, பரிசோதனைக்கு அனுப்பியது போக மிஞ்சுவதை எங்களுக்குத் தருகிறார்கள். நெறிமுறைக் குழு அனுமதி, நோயாளியின் கையெழுத்து எல்லாம் இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. சிக்கல் அந்த நீரில்தான்.

நான் பார்க்க நினைப்பது டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். 2017இல் நேச்சர் இதழில் வந்த தீபக் ராவ், மைக்கேல் பிரென்னர் குழுவின் கட்டுரையைப் படித்ததில் இருந்து இந்த ஆசை. வீங்கிய மூட்டில் சிடி4 டி செல்களில் (சிடி எண் என்பது செல்லை அடையாளம் காட்டும் மேற்பரப்புக் குறி) ஒரு கூட்டம் பிடி-1 என்ற மேற்பரப்புப் புரதத்தை ஏராளமாகக் காட்டுகிறது, ஆனால் சிஎக்ஸ்சிஆர்5 என்ற இன்னொரு புரதம் இல்லை, மூட்டிலேயே இருந்துகொண்டு ஆன்டிபாடி செய்யும் பி செல்களுக்கு உதவி செய்கிறது என்று காட்டியிருந்தார்களே, அந்த டிபிஎச் (Tph) செல்கள். அவை யாருக்கு எவ்வளவு இருக்கின்றன, எந்த மருந்து சாப்பிடுபவர்களுக்குக் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

பாடப் புத்தகத்தில் முடக்குவாத நீர் இளகித் தண்ணீர் போல இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு வருவதில் சில அப்படித்தான் வருகின்றன, சில பைபெட் முனையில் நூல் நூலாக இழுக்கின்றன, அவற்றை ஃபைகால் (செல்களை அடர்த்திப்படி அடுக்காகப் பிரிக்கும் கரைசல்) மேல் ஊற்றினால் அடுக்கு சரியாக விழுவதே இல்லை. அதுபோக வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஏதோ மிதக்கிறது. என் வழிகாட்டி எல்லாவற்றையும் உறைய வைத்துவிடு, கடைசியில் மொத்தமாக ஓட்டலாம் என்கிறார். லேபில் சீனியர் அண்ணா ஹயலூரோனிடேஸ் (நீரைக் கெட்டியாக்கும் ஹயலூரோனிக் அமிலத்தை வெட்டும் நொதி) போடாமல் தொடவே கூடாது என்கிறார். இன்னொரு அக்கா அது செல்லின் மேற்பரப்பைக் கெடுத்துவிடும் என்கிறார். யாரைக் கேட்பது?

அப்புறம் இன்னொன்று. நீரில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுதான். அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? நீரை மட்டும் வைத்துக்கொண்டு "மூட்டில் இப்படி நடக்கிறது" என்று எழுதினால் மதிப்பாய்வாளர் மூட்டின் உள்சவ்வுத் திசு எங்கே என்று கேட்பாரா?

---

லேசர்கண்:

ஃப்ளோ சைட்டோமெட்ரி (ஒளிரும் ஆன்டிபாடியால் செல்களைக் குறித்து லேசரில் எண்ணும் முறை) பக்கம் இருந்து சொல்கிறேன்.

ஹயலூரோனிடேஸ் போடுங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் போடுங்கள். நூல் இழுப்பதற்குப் போட்டு இளகியதற்குப் போடாமல் விட்டால் பிறகு இரண்டையும் ஒப்பிடவே முடியாது. முக்கியமாக அதே நோயாளியிடம் அதே நாளில் எடுத்த ரத்தத்துக்கும் அதே நொதி, அதே 37 டிகிரி, அதே நேரம். அரை மணிக்குமேல் தேவைப்படாது. அந்த அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: சுத்தம் குறைந்த தயாரிப்புகளில் புரோட்டியேஸ் கலந்திருக்கும், அது மேற்பரப்புப் புரதங்களை நறுக்கிவிடும். நல்ல தரத்தில் வாங்கி, முதலில் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் நொதி போட்டும் போடாமலும் ஓட்டி உங்கள் பேனலில் (சேர்த்துப் பார்க்கும் குறிகளின் தொகுப்பில்) உள்ள ஒவ்வொரு குறியையும் சரிபாருங்கள். சிடி44ஐப் பார்ப்பதாக இருந்தால் கூடுதல் கவனம், அது ஹயலூரோனிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம்.

வெள்ளைக் கட்டி இரண்டு வகை. பெரிதாக, இழுத்தால் நாராக வருவது ஃபைப்ரின்; 70 மைக்ரான் வடிகட்டியில் நின்றுவிடும். சிறியதாக, பிசுபிசுவென்று செல்களை ஒட்டவைப்பது செத்த நியூட்ரோஃபிலில் இருந்து கொட்டிய டிஎன்ஏ. இதற்கு டிஎன்ஏஸ் போடலாம். ஆனால் அந்த நொதிக்கு மெக்னீசியமும் கால்சியமும் வேண்டும். நீங்கள் இடிடிஏ (உறைதல் தடுப்பான்) குழாயில் வாங்கிய நீரில் நேரடியாகப் போட்டால் அது வேலை செய்யாது, இடிடிஏ அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை கழுவிவிட்டுப் போடுங்கள். ஹெப்பாரின் (இன்னொரு உறைதல் தடுப்பான்) குழாயில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஹெப்பாரின் பிற்பாடு டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும், அங்கே வேறு தொல்லை.

ஃபைகாலுக்கு முன் குறைந்தது சம அளவு பிபிஎஸ் உப்புக் கரைசல் சேர்த்து நீர்த்துவிடுங்கள். சுற்றி முடிந்ததும் சென்ட்ரிஃப்யூஜில் பிரேக் போடாதீர்கள். இது தெரியும் என்பீர்கள், தெரிந்தவர்கள்தான் அவசரத்தில் போடுவார்கள்.

கடைசியாக, முடக்குவாதத்துக்கே உரிய ஒரு பொறி. ருமட்டாய்டு ஃபேக்டர் என்பதே ஆன்டிபாடியின் அடித்தண்டை, அதாவது எஃப்சி பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி. நீரில் அது கொட்டிக் கிடக்கும். நீங்கள் போடும் எலி ஆன்டிபாடியையும் அது பிடித்து இல்லாத இடத்தில் ஒளிரவைக்கும். செல்களை நன்றாகக் கழுவுவது, எஃப்சி பிளாக் (ஆன்டிபாடி தவறான இடத்தில் ஒட்டாமல் தடுப்பது) போடுவது, உயிர்-இறப்புச் சாயம் சேர்ப்பது, இந்த மூன்றும் இல்லாமல் வரும் டிபிஎச் எண்ணிக்கையை நான் நம்பமாட்டேன். பிடி-1 "நடுத்தரம்" எங்கே முடிகிறது, "உயர்" எங்கே தொடங்குகிறது என்ற கோட்டைக் கண் அளவில் போடாதீர்கள். ரத்தத்தில் உள்ள சிஎக்ஸ்சிஆர்5 உள்ள செல்களை வைத்து நிர்ணயம் செய்து, அதே கோட்டை எல்லா நோயாளிக்கும் வையுங்கள்.

---

வார்டு_டாக்டர்:

லேப் வேலையை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். நான் ஊசி பிடிக்கும் பக்கம்.

முதல் குழாய் எப்போதும் நோயாளிக்கு. செல் எண்ணிக்கை, கிராம் சாயம், கல்ச்சர், படிகம். முடக்குவாதம் என்று பல வருடமாகத் தெரிந்தவருக்கே ஒற்றை முழங்கால் மட்டும் திடீரென்று வீங்கினால் கிருமித் தொற்றா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்டீராய்டும் பயாலஜிக் மருந்தும் எடுப்பவர்களுக்குத் தொற்று காய்ச்சல்கூட இல்லாமல் வரும், நம் நாட்டில் காசநோயையும் மனதில் வைக்க வேண்டும். உங்கள் லேபுக்கு வரும் ஒவ்வொரு குழாயையும் தொற்று உள்ளதாகவே நினைத்துப் பாதுகாப்பு அறையில் திறங்கள்.

எண்ணிக்கை பற்றி ஒரு கணக்கு கையில் இருக்கட்டும். ஆரோக்கியமான மூட்டில் மைக்ரோலிட்டருக்கு 200க்கும் குறைவான வெள்ளையணுக்கள். தேய்மான மூட்டில் 2,000க்குள் நிற்கும். முடக்குவாதத்தில் பெரும்பாலும் 2,000க்கும் 50,000க்கும் இடையில். அதற்கு மேல் போனால் சீழ் என்று எண்ணித்தான் நாங்கள் ஓடுவோம், முடக்குவாதமே சில சமயம் அந்த அளவு ஏறும் என்றாலும். உங்கள் ஆய்வாளர் யாராவது ரத்தத்துக்குப் போடும் அசெட்டிக் அமிலக் கரைசலை இதிலும் போட்டு எண்ணினால் தடுத்துவிடுங்கள், மூட்டு நீரில் அது பட்டால் ஹயலூரோனேட் திரண்டு செல்களைச் சுருட்டிக்கொள்ளும். சலைன் போதும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு நீர் தருபவர்கள் எல்லா முடக்குவாத நோயாளிகளின் பிரதிநிதிகள் அல்ல. இந்த நோய் பெரும்பாலும் விரல் கணுக்களில் தொடங்குகிறது, அங்கே எடுக்கும் அளவுக்கு நீர் இருக்காது. ஊசி போட்டு எடுக்கும் அளவுக்கு முழங்கால் வீங்கியவர்கள் ஒரு தனிக் கூட்டம். அவர்களிலும் மருந்தை நடுவில் விட்டவர்கள் நிறைய. அதனால் "எந்த மருந்து சாப்பிட்டால் டிபிஎச் குறைகிறது" என்று பார்த்தால், மருந்து நன்றாக வேலை செய்தவர் உங்கள் குழாய்க்கு வரவே மாட்டார். அந்தக் கேள்வியை இந்த மாதிரியை வைத்துக் கேட்காதீர்கள் என்பதே என் கருத்து.

ஒவ்வொரு குழாயோடும் எழுதி வாங்க வேண்டியவை: எந்த மருந்து, கடைசியாக எப்போது, அந்த முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி எப்போது போட்டது, ஆன்டி-சிசிபி (முடக்குவாதத்தில் காணும் ஓர் ஆன்டிபாடி) உண்டா இல்லையா, நோய் எத்தனை வருடமாக, நீர் எடுத்த மணி, லேபில் திறந்த மணி. கடைசி இரண்டும் இல்லாத மாதிரிகள்தான் பிறகு குழப்பும். சில மணி நேரம் வெளியே கிடந்தாலே வெள்ளையணு எண்ணிக்கை இறங்கத் தொடங்கும்.

---

பழைய_பைபெட்:

எல்லோரும் டி செல் டி செல் என்றே போகிறீர்கள். பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு அதைத் தூக்கிப் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

1960களிலேயே, ஃப்ளோ சைட்டோமெட்ரி எல்லாம் வருவதற்கு முன், சாதாரண நுண்ணோக்கியில் முடக்குவாத நீரைப் பார்த்தவர்கள் வயிறு நிறையக் கறுப்பு மணிகளோடு இருக்கும் நியூட்ரோஃபிலைக் கண்டு ராகோசைட் என்று பெயர் வைத்தார்கள். அந்த மணிகள் அவை விழுங்கிய இம்யூன் காம்ப்ளெக்ஸ், அதாவது ஆன்டிபாடியும் அது பிடித்ததும் சேர்ந்த கட்டி. ரொம்ப நாள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு 2013இல் மரியானா கப்லான் குழு நியூட்ரோஃபில் வெளியே வீசும் டிஎன்ஏ வலை, அதாவது நெட், சிட்ருல்லின் ஏறிய (ஓர் அமினோ அமிலம் உருமாறிய) புரதங்களை வெளியே கொண்டுவருகிறது என்று காட்டியது. ஆன்டி-சிசிபி எதைத் தாக்குகிறதோ அதே வகைச் சரக்கு. லேசர்கண் டிஎன்ஏஸ் போட்டுக் கரைக்கச் சொன்ன அந்தப் பிசுபிசுப்பில் ஒரு பங்கு அதுவாகத்தான் இருக்கும்! குப்பை என்று கழுவிவிடும் முன் ஒரு சொட்டு ஸ்லைடில் வைத்துப் பாருங்கள்.

உறைய வைப்பதைப் பற்றி: டி செல் டிஎம்எஸ்ஓ என்ற பாதுகாப்புத் திரவத்தில் உறைந்து எழும். நியூட்ரோஃபில் எழாது. ஆகவே உங்கள் வழிகாட்டி "எல்லாவற்றையும்" உறைய வை என்று சொல்வது, தெரிந்தோ தெரியாமலோ, நியூட்ரோஃபிலைப் பார்க்கப் போவதில்லை என்ற முடிவுதான். அது முடிவாக இருந்தால் சரி, வசதிக்காக நடந்துவிடக் கூடாது. வரும் அன்றே ஒரு சிறு பங்கில் சிடி45, சிடி15, சிடி16, சிடி14, சிடி3, சிடி19 என்று எளிய பேனல் ஒன்றை ஓட்டிவிட்டால் மொத்தத்தில் எது எத்தனை சதவீதம் என்பதாவது கையில் நிற்கும். ஃபைகாலுக்குப் பிறகு அந்தக் கணக்கு திரும்பக் கிடைக்காது.

---

லேசர்கண்:

பழைய_பைபெட் சொல்வது சரி, ஒரு திருத்தம் மட்டும். நியூட்ரோஃபிலை சிடி16 வைத்து மட்டும் பிடிக்காதீர்கள். மூட்டுக்குள் வந்து கிளர்ச்சியடைந்ததும், சாகத் தொடங்கியதும் அது சிடி16ஐ உதிர்த்துவிடும். சிடி66பி சேர்த்துக்கொள்ளுங்கள். மோனோசைட்டிலோ தலைகீழ், ரத்தத்தை விட நீரில் சிடி14, சிடி16 இரண்டும் உள்ளவை அதிகம். ரத்தத்தில் போட்ட கேட்டை (செல் வகைகளைப் பிரிக்கும் எல்லைக் கோட்டை) அப்படியே நீருக்கு நகல் எடுத்தால் இரண்டும் குளறுபடி ஆகும்.

---

ஆய்வுமாணவி:

வார்டு_டாக்டர் ஐயா சொன்னது தலையில் அடித்த மாதிரி இருக்கிறது, மருந்துக் கேள்வியைத்தான் முதல் நோக்கம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை மாற்ற வழிகாட்டியிடம் பேச வேண்டும். ஆன்டி-சிசிபி உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து டிபிஎச் பார்த்தால் அதே சிக்கல் வருமா? சவ்வுத் திசு கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்களேன்.

---

வார்டு_டாக்டர்:

அது பரவாயில்லை. இரு கூட்டமும் வீங்கிய முழங்காலோடுதான் வருகிறார்கள், ஒரே வாசல். 2022இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா குழு கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது: மூட்டு நீரில் உள்ள சிடி4 செல்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, ஜிபிஆர்56 என்ற குறி உள்ள டிபிஎச் செல்கள் குளோனாக, அதாவது ஒரே செல்லின் நகல்களாகப் பெருகியிருப்பதைக் காட்டினார்கள். முக்கியமாக நீரை வைத்தே நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்தது, ஆக "திசு இல்லை, போ" என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் நீரும் சவ்வும் ஒன்றல்ல. நீரைப் பார்த்துச் சவ்வைச் சொல்வது கல்யாண மண்டப வாசலில் நிற்பவர்களை எண்ணி உள்ளே யார் பெண் வீட்டார் யார் மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்வது மாதிரி. நீரில் நியூட்ரோஃபில் கூட்டம், சவ்வில் அது அரிது. சவ்வில் பி செல்களும் பிளாஸ்மா செல்களும் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும், நீரில் கொஞ்சம்தான். திசுவைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் முழுக்க முழுக்கச் சவ்வின் ஆள், நீரில் உதிர்ந்து வருவது சொற்பம். குருத்தெலும்பை அரிப்பது அந்த ஃபைப்ரோபிளாஸ்ட், எலும்பைத் தின்பது சவ்வு எலும்பைத் தொடும் இடத்தில் உள்ள ஆஸ்டியோகிளாஸ்ட். "மூட்டு அரிப்பு ஏன்" என்பது கேள்வி என்றால் நீர் போதாது. "எந்த டி செல், எந்த குளோன்" என்பது கேள்வி என்றால் நீர் நன்றாகவே போதும், சிகிச்சைக்காக எப்படியும் எடுப்பது, செல்களும் ஏராளம்.

திசு பக்கம் எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்று தெரிந்துகொள்ள 2023 நேச்சர் கட்டுரையைப் படியுங்கள், 79 பேரின் சவ்வில் இருந்து 3,14,000க்கும் மேற்பட்ட செல்கள், அதை வைத்து மூட்டு அழற்சியை ஆறு வகையாகப் பிரித்தார்கள். ஒருவருக்கு டி, பி செல் மிகுதி, இன்னொருவருக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் மிகுதி, இப்படி. நோய்க்கு ஒரே பெயர், உள்ளே வேறு வேறு. அதற்கு முன் 2021இல் லான்செட்டில் ஆர்4ஆர்ஏ சோதனை வந்தது. 164 பேருக்குச் சவ்வில் பயாப்ஸி எடுத்து, பி செல் குறைவாக உள்ளவர்களுக்கு பி செல்லை அழிக்கும் ரிடக்ஸிமாபை விட, வேறு வழியில் அழற்சியைத் தடுக்கும் டோசிலிசுமாப் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். நுண்ணோக்கியில் பி செல் எண்ணிப் பிரித்தபோது வித்தியாசம் தெளிவாக நிற்கவில்லை, ஆர்என்ஏ வைத்துப் பிரித்தபோது டோசிலிசுமாப் முந்தியது. எப்படி அளக்கிறோம் என்பதே முடிவை மாற்றுகிறது பாருங்கள். நீரை வைத்து இப்படி மருந்து தேர்ந்தெடுக்க முடியுமா என்பது நல்ல கேள்வி, ஆனால் அது உங்கள் ஒரு ஆளின் முனைவர் பட்டத்துக்குள் அடங்காது.

---

சிஸ்டம்பக்கம்:

தரவைக் கணினியில் அலசும் ஆள் நான். ஒற்றைச் செல் வரிசைப்படுத்தல் (ஒவ்வொரு செல்லின் ஆர்என்ஏவையும் தனியாகப் படிப்பது) பக்கம் போவதாக இருந்தால் மட்டும் படியுங்கள்.

இரண்டே விஷயம். நியூட்ரோஃபிலில் ஆர்என்ஏ மிகக் குறைவு, ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியோ அதிகம். "200 ஜீனுக்குக் கீழே உள்ள செல்லை நீக்கு" என்று எல்லோரும் நகல் எடுத்துப் போடும் அந்த வரி நியூட்ரோஃபிலைக் கூண்டோடு காலி செய்யும். பிறகு "எங்கள் தரவில் நியூட்ரோஃபில் இல்லை" என்று எழுதுவார்கள்! அதோடு அவை உடைந்து கொட்டும் ஆர்என்ஏ மற்ற எல்லாச் செல்லிலும் ஒட்டிக்கொண்டு வரும், டி செல்லில் நியூட்ரோஃபிலில் மிகுதியாக உள்ள எஸ்100ஏ8, எஸ்100ஏ9 ஜீன்கள் தெரிந்தால் உடனே புது வகை டி செல் கண்டுபிடித்ததாகத் துள்ளாதீர்கள்.

இரண்டாவது: உங்கள் எண்ணிக்கை நோயாளிகள்தான், செல்கள் அல்ல. நாலு பேரிடம் இருந்து நாற்பதாயிரம் செல் எடுத்தாலும் மாதிரி அளவு நாலுதான். செல்லைத் தனித்தனி மாதிரியாக வைத்துச் சோதனை போட்டால் எந்த ஜீனை எடுத்தாலும் பி மதிப்பு (p-value) பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும், எல்லாம் பொய். ஒவ்வொரு நோயாளியின் டிபிஎச் செல்களைக் கூட்டி ஒரே எண்ணாக்கி, நோயாளிக்கு நோயாளி ஒப்பிடுங்கள். உங்கள் வழிகாட்டி உறைய வைக்கச் சொன்னது இந்த ஓர் இடத்தில் நல்லது, ஆன்டி-சிசிபி உள்ளவர் இல்லாதவர் இருவரையும் கலந்து ஒரே ஓட்டத்தில் ஓட்டலாம், மரபணு வேறுபாட்டை வைத்து யார் செல் யாருடையது என்று மென்பொருளே பிரித்துவிடும். ஒரு கூட்டத்தை இந்த மாதமும் மற்ற கூட்டத்தை அடுத்த மாதமும் ஓட்டினால் நீங்கள் அளப்பது மாதத்தை.

---

வலதுமுழங்கால்:

தேடும்போது இந்தப் பக்கம் வந்துவிட்டேன், நான் நோயாளி. எனக்கு நீர் எடுத்தபோது ஒரு பெண் வந்து ஆராய்ச்சிக்குத் தரலாமா என்று கேட்டார், சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த நீர் இவ்வளவு பாடு படும் என்று தெரியாது. ஒன்று கேட்கலாமா, அதில் என்ன தெரிந்தது என்று எங்களுக்குச் சொல்வீர்களா? மருந்தை மாற்ற உதவுமா?

---

வார்டு_டாக்டர்:

உங்கள் நீரில் எண்ணிக்கை, கிருமி, படிகம் பார்த்த முடிவு உங்கள் மருத்துவரிடம் இருக்கும், அதைத் தாராளமாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆராய்ச்சியில் பார்க்கும் டிபிஎச் மாதிரியான எண்களை வைத்து இன்று யாரும் மருந்தை மாற்றுவதில்லை. பெரும்பாலும் பெயரை நீக்கிக் குறியீட்டு எண் போட்டுத்தான் லேபுக்குப் போகும், தனித்தனியாக முடிவு திரும்பி வராது. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை என்றால் அதைத் தவறாமல் எடுங்கள், நீர் எடுத்தபின் வீக்கம் வடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

---

ஆய்வுமாணவி:

வலதுமுழங்கால் அவர்களே, நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல முடியாது, ஆனால் மொத்தமாக என்ன தெரிந்தது என்று ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி வெளிநோயாளிப் பிரிவில் ஒட்ட நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டுப் பார்க்கிறேன்.

மற்றவர்களுக்கு: வரும் அன்றே சிறு பேனல், மிச்சத்தை நொதி போட்டு ஃபைகால், பிறகு உறைய வைத்தல், கூடவே ரத்தமும். முதல் நோக்கத்தை ஆன்டி-சிசிபி ஒப்பீடாக மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஒரு சந்தேகம் பாக்கி. பேனலுக்கு இடிடிஏ குழாயும் வளர்ப்புக்கு ஹெப்பாரின் குழாயும் தனித்தனியாகக் கேட்டால் டாக்டர்கள் திட்டுவார்களா?

---

வார்டு_டாக்டர்:

திட்டமாட்டோம். சோடியம் ஹெப்பாரின் என்று பார்த்துக் கொடுங்கள், லித்தியம் ஹெப்பாரின் வேண்டாம், அது மூட்டுப் படிகம் போலவே தெரிந்து லேபில் படிக மூட்டுவாதம் என்று எழுதிவிடுவார்கள். குழாய்களை நீங்களே பெயர் ஒட்டி முந்தின நாளே வார்டில் வைத்துவிடுங்கள்.